டோக்கியோவில் ரெக்கார்டு வேட்டை: முதலில் எண்ணைப் பாருங்கள்

ஷின்ஜுகு ஸ்டேஷனின் கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் நடக்கிற தூரத்தில் டிஸ்க் யூனியன் கடைகள் பல இருக்கின்றன. ஒரே நிறுவனம்தான், ஆனால் ஜாஸுக்கு ஒன்று, மெட்டலுக்கு ஒன்று, புராக்ரெஸிவ் ராக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். பிங்க் ஃபிளாய்டுக்கும் ஜெனசிஸுக்கும் தனிக்கடை இருக்கிற ஊருக்குப் போக எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. ஃபுஜி மலையை ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

நண்பன் ஒருவன் நிஷி-கசாயில் இருக்கிறான். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி அது, மளிகைக் கடையில் புளியும் இதயம் நல்லெண்ணெயும் கிடைக்கும். அவனுக்கு ராக் இசை மேல் பெரிய ஈடுபாடு கிடையாது, ஆனால் ஜப்பானிய எழுத்து படிப்பான், எனக்கு அது போதும்.

ஜப்பான் பிரஸ்ஸிங், அதாவது ஜப்பானில் அச்சடித்த ரெக்கார்டு, என்றால் ஏன் இத்தனை பேர் அலைகிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசி இறங்கியபின் பாட்டு தொடங்கும் முன் சில வினாடிகள் வருமே, நம் ஊர்ப் பழைய ரெக்கார்டுகளில் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரியும், ஜப்பான் தட்டில் அந்த இடம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பிளாஸ்டிக்கின் தரம்தான் காரணம். 1970களில் ஜேவிசி நிறுவனம் சிடி-4 என்ற நான்கு சேனல் ரெக்கார்டைக் கொண்டு வந்தது, அதில் நம் காதுக்கே கேட்காத 30 கிலோஹெர்ட்ஸ் அலையொன்றை ரெக்கார்டின் பள்ளத்துக்குள் பதிக்க வேண்டியிருந்தது, சாதாரண வினைலில் அது சில தடவை ஓடினாலே தேய்ந்துவிடும் என்பதால் கெட்டியான, சுத்தமான கலவையை உருவாக்கினார்கள். நான்கு சேனல் வியாபாரம் படுத்துவிட்டது, கலவை மட்டும் பிழைத்துக்கொண்டது. பின்னாளில் அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் தன் விலை உயர்ந்த ஆடியோஃபைல் (ஒலித்தரப் பித்தர்களுக்கான) தட்டுகளை ஜேவிசியிடம்தான் அச்சடித்து வாங்கியது.

ஆனால் சத்தம் இல்லாததும் ஒலி நன்றாக இருப்பதும் வேறு வேறு விஷயம். லண்டனில் பதிவான ஆல்பத்தின் மூல டேப் லண்டனிலேயே இருக்கும். டோக்கியோவுக்கு அதன் நகல்தான் வரும், அந்த நகலிலிருந்து அங்கே ரெக்கார்டின் பள்ளங்களைப் புதிதாக வெட்டுவார்கள். அதனால் லெட் ஜெப்பெலினோ ஃபிளாய்டோ, பிரிட்டன் முதல் பிரஸ்ஸிங்கில் இருக்கும் அந்தக் கனம் ஜப்பான் தட்டில் கொஞ்சம் குறைந்து, மேல் ஸ்தாயி கொஞ்சம் பளபளவென்று கேட்கும் என்பது பலருடைய கட்சி. நானும் அந்தக் கட்சிதான். அப்புறம் ஏன் வாங்குகிறாய் என்று கேட்டால், நல்ல நிலையில் உள்ள பிரிட்டன் முதல் பிரஸ்ஸிங்கின் விலையைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள் என்பேன்.

கடைக்குள் போவோம். வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொரு ரெக்கார்டும் பிளாஸ்டிக் உறைக்குள், மேலே ஒரு விலைச் சீட்டு. அந்தச் சீட்டு ஒரு சின்ன மருத்துவ அறிக்கை. அட்டைக்கு ஒரு எழுத்து, தட்டுக்கு ஒரு எழுத்து, ஏ என்றால் நல்லது, பி என்றால் சுமார், அதன் கீழே குறைகள் வரிசையாக. நண்பன் ஒரு சீட்டை எடுத்து வாசித்தான்: "அட்டையில் கறை, பாட்டு வரிக் காகிதத்தில் பேனா எழுத்து, ஓபியின் ஓரத்தில் சின்னக் கிழிசல்." பிறகு என்னைப் பார்த்து, "டேய், விக்கிறவனே இவ்வளவு குறை சொல்றானேடா" என்றான். நம் ஊரில் செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கியவனுக்கு அந்த ஆச்சரியம் வருவது நியாயம்தான்.

ஓபி என்பது அட்டையின் இடது பக்கத்தைச் சுற்றி வரும் காகிதப் பட்டை. ஆல்பத்தின் பெயர், கம்பெனி, பட்டியல் எண், விலை எல்லாம் ஜப்பானிய மொழியில் அதில் இருக்கும். கடையில் விளம்பரத்துக்காகச் சுற்றியது, வாங்கியவர்களில் பாதிப் பேர் பிரித்ததும் குப்பையில் போட்டிருப்பார்கள். தட்டு தப்பித்துப் பட்டை தப்பிக்காததால்தான் இன்றைக்குப் பல ஆல்பங்களில் தட்டைவிடப் பட்டைக்கு விலை அதிகம். நகல் ஓபிகளும் உலவுகின்றன. காகிதம் ரொம்ப வெள்ளையாக இருந்தாலோ, மடிப்பில் ஐம்பது வருடத் தேய்மானம் இல்லாமலிருந்தாலோ, எழுத்தின் ஓரம் கம்ப்யூட்டர் பிரிண்ட் போலப் பிசிறடித்தாலோ நான் கீழே வைத்துவிடுவேன்.

ஜப்பானிய மொழி தெரியாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இந்த வேட்டைக்கு மொழி வேண்டாம், எண் போதும். ஓபியில் ஒரு பட்டியல் எண், அட்டையில் ஒன்று, நடு லேபிளில் ஒன்று. மூன்றும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் யாரோ எங்கிருந்தோ எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அடுத்து, அந்த எண்ணின் தலையெழுத்தைப் பாருங்கள். பீட்டில்ஸின் 'அபே ரோட்' 1969இல் தோஷிபா வழியாக வந்தபோது அதன் எண் ஏபி-8815. 1976இல் பீட்டில்ஸ் ஆல்பங்களை மொத்தமாக மறுபடி வெளியிட்டபோது ஈஏஎஸ் என்று தொடங்கும் எண்ணாக மாறிவிட்டது. அட்டைப்படம் அதே நான்கு பேர், அதே சாலை, விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஜெப்பெலினுக்கும் இதே கதைதான். 1969இன் முதல் இரண்டு ஆல்பங்களை நிப்பான் கிராமபோன் எஸ்எம்டி என்ற எண்ணில் போட்டது, 1970இல் வார்னர் பயனியர் என்ற கம்பெனி உருவானபின் எல்லாம் பி என்ற எழுத்துக்கு வந்துவிட்டது. நான்காவது ஆல்பத்தின் முதல் ஜப்பான் பதிப்பு பி-8166ஏ. அதே அட்டையில் பி-10 என்று தொடங்கும் ஐந்திலக்க எண் இருந்தால் அது பிறகு வந்த மறுபதிப்பு. கேட்க நன்றாகவே இருக்கும், முதல் பதிப்பின் விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

விலையும் ஒரு கடிகாரம்தான். ஓபியிலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சடித்த விலை 2000 யென் என்றால் பெரும்பாலும் 1970களின் தொடக்கம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு விலை ஏறத் தொடங்கி, எழுபதுகளின் பிற்பாதியில் 2500க்கு வந்து நின்றது. சிபிஎஸ் சோனிக்காரர்கள் இன்னும் சுலபமாக்கிவிட்டார்கள், அவர்களுடைய பிற்கால எண்களில் விலையே தலையில் இருக்கும். 25ஏபி என்றால் 2500 யென், இரட்டைத் தட்டுக்கு 40ஏபி என்றால் 4000.

தோஷிபா தட்டாக இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள், கடைக்காரரிடம் கேட்டு வெளியே எடுத்து விளக்குக்கு நேரே பிடியுங்கள். 1974 வரைக்கும் அவர்கள் எவர்கிளீன் என்ற பெயரில், தூசியை இழுக்காத கலவை என்று சொல்லி, சிவப்பு வினைலில் தட்டு அச்சடித்தார்கள். மேசையில் இருக்கும்போது கருஞ்சிவப்பு, ஒளிக்கு எதிரே தூக்கினால் மாதுளைச் சாறு. 'ஆட்டம் ஹார்ட் மதர்' சிவப்புத் தட்டு ஒன்றை நான் அப்படித் தூக்கிப் பிடித்து நிற்க, கல்லாவில் இருந்த பையன் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தான். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் தலைமுடி போன்ற மெல்லிய கோடுகள் நாலைந்து இருந்தன, முன்னாள் சொந்தக்காரர் துளையைத் தேடித் தட்டை வைத்த தடங்கள். அது எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பள்ளங்களுக்கு மேலே வெள்ளையாகப் பூசணப் புள்ளிகள் வேறு, அங்கேயும் மழைக்காலம் உண்டே. கழுவினால் போகும் ரகம்தான், ஆனாலும் போட்டுக் காட்டச் சொன்னேன். பல கடைகளில் கேட்டால் போட்டுக் காட்டுவார்கள். இரண்டாம் பக்கம் கொஞ்சம் இரைந்தது, வைத்துவிட்டேன்.

வெள்ளை லேபிள் தட்டு ஒன்று கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். வானொலி நிலையங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் இலவசமாகக் கொடுத்த மாதிரித் தட்டு அது, விற்பனைக்கல்ல என்று லேபிளிலேயே அச்சடித்திருக்கும். ஆரம்பத்திலேயே அச்சடித்ததால் ஸ்டாம்பர் (தட்டை அச்சடிக்கும் உலோக அச்சு) தேயாமல் இருந்திருக்கும் என்று அதற்கும் ஒரு கூட்டம் அதிக விலை கொடுக்கிறது. எனக்கு வெள்ளை லேபிள் பார்க்கவே பிடிக்காது, அது வேறு விஷயம்.

இவ்வளவும் சொன்னபிறகு என்னுடைய சொந்த யோசனை ஒன்று. ஜப்பான் பிரஸ்ஸிங்தான் வேண்டுமென்றால் ஜப்பானில் பிறந்த ரெக்கார்டுகளை வாங்குங்கள். அவற்றுக்கு இந்த நகல் டேப் தகராறே கிடையாது, மூலமே அங்கேதான். டீப் பர்ப்பிள் 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகா ஃபெஸ்டிவல் ஹாலிலும் 17ஆம் தேதி டோக்கியோ புடோகான் அரங்கிலும் வாசித்ததுதான் உலகமெங்கும் 'மேட் இன் ஜப்பான்' என்று வந்தது. முதலில் ஜப்பானுக்கு மட்டும் என்றுதான் திட்டம். அங்கே அதன் பெயர் 'லைவ் இன் ஜப்பான்', அட்டைப்படமும் நாம் பார்த்துப் பழகிய தங்க நிற அட்டை இல்லை, எண் பி-5066, 5067. சீப் டிரிக்கின் 'அட் புடோகான்' 1978இல் ஜப்பானில் மட்டும் வந்து, இறக்குமதியாகவே அமெரிக்காவில் அப்படி விற்றதால் அடுத்த வருடம் அங்கேயும் வெளியிட வேண்டியதாயிற்று. பாப் டிலனின் புடோகான் இரட்டைத் தட்டும் அப்படித்தான், ஜப்பானில் முதலில்.

ரெக்கார்டு கடைகள் பெரும்பாலும் காலை பதினொன்றுக்கு முன் திறப்பதில்லை, அந்த நேரத்தில் புடோகானைப் பார்த்துவிடலாம். நிஷி-கசாயிலிருந்து டோசாய் லைனில் ஏறினால் மாறாமல் குடான்ஷிதா, அங்கிருந்து அகழி ஓரமாகச் சின்ன ஏற்றம். 1964 ஒலிம்பிக்ஸ் ஜூடோ போட்டிக்காகக் கட்டிய எண்கோணக் கட்டடம். 1966இல் பீட்டில்ஸ் இங்கே வாசிக்கக் கூடாது, இது தற்காப்புக் கலைக்கான இடம் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. வாசித்தார்கள், அதன்பிறகு ராக் குழு என்றால் புடோகானில் வாசித்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது.

ஒசாகாவுக்குப் போனது ஃபெஸ்டிவல் ஹாலுக்காக. பர்ப்பிள் வாசித்த 1958 கட்டடம் இப்போது இல்லை, அதே இடத்தில் 2013இல் புதிது திறந்துவிட்டார்கள், உயரமான கோபுரம், கீழே சிவப்புக் கம்பளப் படிக்கட்டு. சரி என்று அமெரிக்காமுராவுக்கு நடந்தேன், பழைய துணிக்கடைகளுக்கு நடுவே ரெக்கார்டு கடைகள் இருக்கும் பகுதி. அங்கே ஒரு கடையில்தான் சந்தானாவின் 'லோட்டஸ்' கிடைத்தது. 1973 ஜூலையில் அதே ஒசாகாவில் பதிவான கச்சேரி, சிபிஎஸ் சோனி மூன்று தட்டுகளாக 1974இல் வெளியிட்டது. அட்டையை வடிவமைத்தவர் யோகோ தாதனோரி, மொத்தம் 22 பக்கங்கள். கடைக்காரம்மா கண்ணாடி மேசையைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து வைத்தார். புத்தர், கிறிஸ்து, தாமரை, வானம் என்று மேசை தீர்ந்து அட்டை தொங்க ஆரம்பித்துவிட்டது. மடிக்கிற வரிசை மாறினால் மூலை நசுங்கும் என்பதால் மூடும்போது அவரே மூடினார், என்னைத் தொட விடவில்லை. ஓபி இல்லாத பிரதி, அதனால் விலை என் கைக்கு எட்டியது. ஓபியோடு இருந்த இன்னொன்று பின்னால் சுவரில் மாட்டியிருந்தது, அதன் விலையை ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஊருக்குக் கொண்டுவருவது பற்றி ஒரு வார்த்தை. செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள், கைப்பையில் செங்குத்தாக வையுங்கள். தட்டை உள் உறையோடு எடுத்து அட்டைக்கு வெளியே, பின்புறமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பை எங்காவது இடித்தால் தட்டின் விளிம்பே அட்டையின் ஓரத்தைப் பிளந்துவிடும். நாகவோகா உள் உறைகள் அங்கே மலிவு, ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருபது எல்பி சேர்ந்தால் ஐந்தாறு கிலோ தாண்டிவிடும், கைப்பை எடை வரம்பைப் பார்த்து வாங்குங்கள். நான் பார்க்காமல் வாங்கினேன் என்று நண்பன் சொல்வான், அவன் வீட்டு அலமாரியில் இன்னும் ஒரு பை இருக்கிறது, தீபாவளிக்கு வரும்போது எடுத்து வருகிறானாம்.