ஆங்கிலக் கதை, வியட்நாமியக் கதை: சொல்பவரின் மனப்பாங்கை ஒப்பிடும் ஆய்வேட்டுக்குச் சில வழிகள்

இரு மொழிகளிலும் வாய்மொழிக் கதைகளைப் பதிவுசெய்து மனப்பாங்கை ஒப்பிடுவோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மொழியியலாளர்கள் மார்ட்டினும் வைட்டும் 2005இல் விரிவாக வகுத்த மதிப்பீட்டுச் சட்டகத்தை எடுத்துக்கொள்வார்கள். உணர்வு, மனிதர் நடத்தை பற்றிய தீர்ப்பு, பொருள் பற்றிய ரசனை என மூன்று பெட்டிகளில் பெயரடைகளைப் போட்டு எண்ணுவார்கள். கடைசியில் 'வியட்நாமியக் கதைசொல்லி உணர்ச்சியைக் குறைவாகவே காட்டுகிறார்' என்று எழுதிவிடுவார்கள். அவர் காட்டாமல் இல்லை. பெயரடைக்கு வெளியே காட்டியதை எண்ணியவர் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கே தேடுவது? முதலில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து, அது விலங்கா, மனிதரா என்று வகை காட்டும் வகைச்சொல்லைப் பாருங்கள். தவளையைத் தேடிப் போகும் சிறுவனின் படக்கதையை (1969இல் வந்த, சொற்களே இல்லாத 24 படங்கள்) இரு மொழியினரிடமும் சொல்லச் சொன்னால் இது பளிச்சென்று தெரியும். தவளைக்கு 'கோன்' என்று போட்டால் அது வெறும் விலங்கு. 'சூ' என்று போட்டால், அப்பாவின் தம்பியைக் குறிக்கும் உறவுச்சொல்லே செல்லப்பெயராகிவிடும். சிறுவனுக்குப் போடும் 'தாங்' சாதாரணமானது, பாசமாகவும் ஒலிக்கும். அதையே வளர்ந்த ஆளுக்குப் போட்டால் இளக்காரம். ஆகவே 'தாங்' வந்தால் எதிர்மறை என்று கண்ணை மூடிக்கொண்டு குறியிடக் கூடாது. யாரைச் சொல்கிறார் என்று பார்த்த பிறகே குறியிட வேண்டும்.

அடுத்தது 'பி', 'டூஅக்' என்ற இரண்டு சொற்கள். நடந்தது பாதகம் என்றால் 'பி', நன்மை என்றால் 'டூஅக்'. தமிழின் 'படு' அடிபடுவதற்கும் வரும், சந்தோஷப்படுவதற்கும் வரும். வியட்நாமியம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. தவளைக் கதையில் தேனீக்கள் நாயைத் துரத்தும் படத்தில் 'பி' வருவது இயல்பு, அதற்கு அதிக எடை கொடுக்க வேண்டாம். விருந்துக்கு அழைக்கப்பட்டதைச் சொல்லும்போது 'பி' வந்தால்தான் சொல்பவரின் சலிப்பு வெளிப்படுகிறது. இந்த இரண்டு நிலைக்கும் தனித்தனி நிரல் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் 'ஹோய் பி' என்று சேர்ந்து வந்தால் நேர்மாறு: 'கொஞ்சம்' என்ற சொல்லோடு இணைந்து 'செம அழகு' என்பதுபோலப் பாராட்டாகிவிடும்.

எண்ணிக்கையிலும் மனப்பாங்கு ஒளிந்திருக்கும். மூன்று கிண்ணம் சாப்பிட்டான் என்பதில் எண்ணுக்கு முன் 'ஞூங்' வந்தால் 'மூன்று கிண்ணமா, அவ்வளவா!' என்ற வியப்பு. 'கோ' வந்தால் 'மூன்றே மூன்றுதான்'. பெயரடை தேடுபவர் கண்ணில் இது விழவே விழாது.

உடலுறுப்புச் சொற்களில் கவனம் தேவை. 'தோத் பூங்' சொல்லுக்குச் சொல் 'நல்ல வயிறு', பொருளோ 'நல்ல மனசுக்காரர்'. 'கான்' ஈரல், அதாவது துணிச்சல். நம் 'ஈரக்குலை நடுங்கியது' போல உறுப்புப் பெயரைக் கண்டதும் உணர்வுப் பெட்டியில் போடத் தோன்றும். ஆனால் இவை மனிதரைப் பற்றிய தீர்ப்பு.

பதிவு செய்யும்போதே பாதி வேலை கெட்டுப்போக வாய்ப்புண்டு. கதை கேட்பவர் வயதில் மூத்தவர் என்றால் தொடருக்குத் தொடர் இறுதியில் மரியாதைச் சொல்லான 'ஆ' விழும். இளையவர் என்றால் அதே இடத்தில் 'ஞே' போன்ற இணக்கச் சொற்கள் பெருகும். இவை கேட்பவரைப் பார்த்து வந்தவை, கதையைப் பார்த்து அல்ல. ஆராய்பவரே எதிரில் உட்காராமல், இரு மொழியிலும் சொல்பவரின் வயதொத்த நண்பரைக் கேட்பவராக அமர்த்துங்கள். மொழிக்கு 15 பேர் போதும். எல்லோரும் ஒரே வட்டாரத்தவராக இருக்கட்டும்: ஹனோயில் 'ஞே' வரும் இடத்தில் சைகோனில் வேறு சொல் வரும்.

குரல் ஏற்ற இறக்கத்தை அளப்பவர்களுக்கு ஒன்று. வட வியட்நாமியத்தில் ஆறு தொனிகள், தொனி மாறினால் சொல்லே மாறும். குரலை அலசும் பிராட் (Praat) மென்பொருளில் சுருதிக் கோடு மேலே ஏறியதும் 'வியப்பு' என்று குறிக்காதீர்கள். அது ஏறுதொனிச் சொல்லாகவே இருக்கலாம். ஒரே தொனிச் சொற்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், நீட்டலையும் குரல் உரப்பையும் சேர்த்துப் பாருங்கள். எழுத்தாக்கத்தில் தொனிக்குறி ஒன்றைக்கூட விடக் கூடாது.

அட்டவணை போடும்போது 'ஆயிரம் சொற்களுக்கு இத்தனை' என்று கணக்கிட்டால் ஒப்பீடே கோணலாகிவிடும். வியட்நாமிய எழுத்தில் இடைவெளி அசைக்கு அசை விடப்படுகிறது. கணினி எண்ணுவது அசையை, சொல்லை அல்ல. நூறு தொடர்களுக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். அடுக்கி வரும் வினைகளை ஒரே தொடராக எடுப்பதா, பிரிப்பதா என்பதைக் குறியிடத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி எண்ண வேண்டிவரும்.

பிறகு 15 விழுக்காட்டுத் தொடர்களை வியட்நாமியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இன்னொருவர், உங்கள் குறிகளைப் பார்க்காமல், குறியிட வேண்டும். இருவர் குறிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் அளவான கோஹனின் கப்பா 0.7க்குக் கீழே போனால் முதலில் விதிகளைத் திருத்துங்கள். பேசிப் பேசி ஒருவரை ஒருவர் சம்மதிக்க வைப்பது தீர்வாகாது. உடன்பாடு பெரும்பாலும் உடைவது வெளிப்படையாகச் சொல்லாமல் உணர்த்தும் இடங்களில்தான், எனவே அவற்றுக்குத் தனிக் கப்பா காட்டுங்கள்.

வாய்மொழித் தேர்வில் 'ஆங்கிலத்துக்கு வகுத்த சட்டகம் இங்கே பொருந்துமா?' என்ற கேள்விக்குத் தயாராகப் போங்கள். தேனீப் படத்துக்கு இரு மொழியிலும் கிடைத்த இரண்டு தொடர்களை ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிட்டு, வகைச்சொல், 'பி', 'ஞே' போன்ற இறுதிச் சொல் மூன்றையும் மூன்று நிறத்தில் காட்டுங்கள்.