ஷூபர்ட்டோடு பத்து நாள்

நவம்பர் 4

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் சி மேஜர் ஸ்ட்ரிங் குவின்டெட்டை, அதாவது ஐந்து தந்தி வாத்தியங்களுக்கான இசையை, இன்று முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. வழக்கமாக இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர். ஐந்தாவது ஆள் வேண்டுமென்றால் மொஸார்ட் இன்னொரு வயோலாவைச் சேர்ப்பார். ஷூபர்ட் சேர்த்தது இன்னொரு செல்லோ. முதல் பகுதியில் இரண்டாவது மெட்டு வரும்போது செல்லோ இரண்டும் ஜோடி போட்டுப் பாடுகின்றன. ஆபீஸ் கணக்கெல்லாம் மறந்துவிட்டது.

நவம்பர் 6

அடாஜியோ, மெதுவாகப் போகிற இரண்டாவது பகுதி. நடுவில் இருக்கிற மூன்று பேர் நகருவதே தெரியாமல் நீளநீளமாக வில் இழுக்கிறார்கள். மேலே முதல் வயலின் துண்டுதுண்டாக ஏதோ சொல்கிறது. அடியில் இரண்டாவது செல்லோ விரலால் தந்தியைச் சுண்டிக்கொண்டிருக்கிறது. மூச்சு தானாக மெதுவாகிறது. சரியாக அந்த நேரத்தில் சோப்பு விளம்பரம் வந்தது! சந்தா கட்டாதவனுக்கு இதுதான் தண்டனை.

நவம்பர் 7

மறுபடி அடாஜியோ. சந்தா கட்டியாயிற்று. அந்த அமைதி நடுவழியில் சட்டென்று உடைகிறது. ஒரே படபடப்பு, புலம்பல். பிறகு பழைய மெட்டு திரும்பி வருகிறது, ஆனால் பழையபடி இல்லை. அடியில் சும்மா சுண்டிக்கொண்டிருந்த செல்லோ இப்போது நிலைகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நவம்பர் 9

கொஞ்சம் படித்தேன். 1828 அக்டோபர் 2 அன்று லைப்சிக்கில் இருந்த ப்ரோப்ஸ்ட் என்ற பதிப்பாளருக்கு ஷூபர்ட் கடிதம் எழுதுகிறார்: குவின்டெட் முடிந்துவிட்டது, சில நாளில் ஒத்திகை. ப்ரோப்ஸ்ட் கேட்டதோ பாட்டும் பியானோவும்தான். நவம்பர் 19 அன்று ஷூபர்ட் போய்விட்டார், வயது 31. மேடையேறியது 1850இல், அச்சானது 1853இல். இருபத்திரண்டு வருடம் இது பொதுச்சபையில் ஒலிக்கவே இல்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நவம்பர் 11

இன்று கேட்டது இதே குவின்டெட், 1952இல் பிரான்ஸின் பிராத் ஊரில் பதிவானது. காசல்ஸ் முதல் செல்லோ, டோர்ட்டெலியே இரண்டாவது, முதல் வயலின் ஐசக் ஸ்டெர்ன். பழைய பதிவு, ஒலி சுமார்தான். வாசிப்பில் இருக்கிற சூட்டுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 12

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கடைசிப் பகுதி முடிந்ததும் சமையலறையிலிருந்து குரல்:

"என்னங்க, சுத்த ரிஷபத்துல ஒரு இடி இடிச்சிட்டு சட்ஜத்துல விழறாரே, யாரு இவரு?"

சின்ன வயதில் ஆறு வருடம் வீணை கற்றவள். எட்டு நாளாகக் கேட்டும் என் காதில் விழாதது, கரண்டியும் கையுமாக நின்றவள் காதில் விழுந்திருக்கிறது. திரும்பப் போட்டுப் பார்த்தேன். நிஜம்தான். எல்லாம் சந்தோஷமாக முடிகிற இடத்தில் டி ஃப்ளாட் (அவள் சொன்ன சுத்த ரிஷபம், சி-க்கு அடுத்த கட்டை) வந்து உரசிவிட்டு, அப்புறம்தான் சட்ஜமான சி.

நவம்பர் 13

மகளின் கீபோர்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடாஜியோவுக்கு ஆதாரச் சுரம் ஈ (ஈ மேஜர்), நடுவில் உடைகிற இடத்துக்கு எஃப் (எஃப் மைனர்). ஈயும் எஃப்பும் இடையில் கறுப்புக் கட்டைகூட இல்லாமல் ஒட்டி நிற்கும் வெள்ளைக் கட்டைகள். அடாஜியோ முடியப்போகிற நேரத்திலும் அந்த எஃப் மைனர் ஒரு கணம் எட்டிப்பார்க்கிறது. மூன்றாவது பகுதி சி மேஜரில் குதியாட்டம். அதன் நடுவே ட்ரியோ என்று வருகிற துண்டு, வயோலாவும் இரண்டாவது செல்லோவும் சேர்ந்து தாழ இறங்குகிற இடம், டி ஃப்ளாட். எங்கே பார்த்தாலும் அடுத்த கட்டைதான். கடைசியில் இடித்ததும் அதே.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அதான் நேத்தே சொன்னேனே" என்றாள். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ட்ரியோவை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.