பழகிய கைக்கு ஒரு பட்டம்

காரைக்குடியில் தபால் வழியில் படித்த ஆள் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. அழகப்பா பல்கலைக்கழகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. எம்.ஏ., எம்.பி.ஏ. என்று யாராவது ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய், பேப்பர் எழுதி, பட்டத்தை பிரேம் போட்டு மாட்டியிருப்பார். அதனால் நான் பி.எஸ்சி. நர்ஸிங் விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் தெருவில் பாதிப்பேர், "அதுக்கென்ன, அழகப்பாவுல கரஸ்ல போட்டுட வேண்டியதுதானே" என்றார்கள். மீதிப்பேர், "ஊசி போடுறதை போஸ்டுல எப்படிம்மா படிப்பே?" என்று சிரித்தார்கள். இரண்டாவது கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் அதை என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

நான் ஜி.என்.எம். என்கிற நர்ஸிங் டிப்ளமோ படித்தவள். எங்கள் காலத்தில் அது மூன்றரை வருடம். முடித்ததும் சென்னை சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு நர்ஸ்கள், தாதியர் கவுன்சிலில் பதிவு செய்து ஆர்.என்.ஆர்.எம். என்ற பதிவு எண் வாங்கிக்கொண்டு, காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். வார்டு, ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர் என்று எல்லா இடத்திலும் போட்டார்கள். ஊசி போட இனிமேல் யாரும் எனக்குக் கற்றுத்தர வேண்டாம். ஆனால் இன்சார்ஜ் பதவியோ, நர்ஸிங் ஸ்கூலில் ட்யூட்டர் வேலையோ, எம்.எஸ்சி.யோ எதைப் பேசினாலும் "டிகிரி இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி.

பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டிலிருந்தபடி நர்ஸிங் பட்டம் வாங்கிவிட முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகளில், தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாத படிப்புகள் என்று ஒரு பட்டியல் உண்டு. பொறியியல், மருத்துவம், பார்மசியோடு நர்ஸிங்கும் அதில் இருக்கிறது. சரியான விதிதான் என்பேன். ஆனாலும் "சிஸ்டர், ஒரே வருஷத்துல பி.எஸ்சி. நர்ஸிங், பரீட்சைக்குக்கூட வர வேண்டாம், பணத்தை மட்டும் ரெண்டு தவணையா கட்டுங்க" என்று போன் வருகிறது. எங்கள் வார்டில் அநேகமாக எல்லோருக்கும் அந்த போன் வந்திருக்கிறது. அந்தச் சான்றிதழைக் கவுன்சிலில் கொண்டுபோய் நீட்டினால் கூடுதல் தகுதியாகப் பதிய மாட்டார்கள். பதியாத பட்டத்தை வீட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

வேலையில் இருக்கும் நர்ஸுக்கு இருக்கிற ஒழுங்கான வழி போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., அதாவது டிப்ளமோ முடித்தவர்கள் மேற்கொண்டு படிக்கும் பட்டம். கல்லூரிக்குப் போய்ப் படித்தால் இரண்டு வருடம். அரசு ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் படிக்க வழி உண்டு. தனியாரில் இருப்பவள் வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விட்டால் வீட்டுக் கடனை யார் கட்டுவது? எனக்கு எட்டிய இன்னொரு வழி இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம். புதிதாக நர்ஸாகப் போகிறவர்களுக்கு அல்ல, ஏற்கெனவே பதிவு பெற்று வேலையில் இருக்கும் நர்ஸ்களுக்கென்றே தொலைநிலையில் நடத்தும் போஸ்ட் பேசிக், குறைந்தது மூன்று வருடம். பிளஸ் டூ முடித்து ஜி.என்.எம். படித்தவர்களுக்குப் பதிவுக்குப் பிறகு இரண்டு வருட அனுபவம் வேண்டும். பத்தாம் வகுப்போடு ஜி.என்.எம். படித்த பழைய ஆட்களுக்கு ஐந்து வருடம். அப்புறம் ஒரு நுழைவுத் தேர்வு. பாடம் வீட்டுக்கு வரும் என்றாலும் செய்முறைக்கும் நேர்முக வகுப்புக்கும் ஒதுக்கிய மையத்துக்குப் போயே ஆக வேண்டும். எல்லாமே ஆங்கிலத்தில்தான்.

2023 கடைசியில் நான் இந்த விண்ணப்பத்தில் இறங்கியபோது, என்னோடு ஜி.என்.எம். படித்த பள்ளத்தூர்க்காரியும் நியூயார்க்கில் அதே வேலையில் இறங்கியிருந்தாள். அவள் சென்னையில் அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதித் தேறி அமெரிக்கா போனவள். அங்கே பதிவு பெற்ற நர்ஸ்கள் வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்.என். என்கிற நர்ஸிங் இளநிலைப் பட்டம் படிக்க முழுக்க முழுக்க ஆன்லைன் படிப்புகள் இருக்கின்றன. இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ ஆலோசனை அமைப்பு 2010-இல் ஓர் அறிக்கையில், 2020-க்குள் நர்ஸ்களில் 80 விழுக்காட்டினர் பட்டதாரிகளாக வேண்டும் என்று சொன்னதிலிருந்து அந்தப் படிப்புகளுக்கு நல்ல கிராக்கி. நியூயார்க் மாநிலம் ஒரு படி மேலே போய், புதிதாகப் பதிவு பெறும் நர்ஸ்கள் 10 வருடத்துக்குள் பட்டம் முடிக்க வேண்டும் என்று 2017-இல் சட்டமே போட்டுவிட்டது. "சட்டம் என்னைப் பிடிக்குமோ பிடிக்காதோடி, ஆஸ்பத்திரியில எல்லாரும் எப்போ சேரப்போறேன்னு கேக்குறாங்க" என்றாள்.

ஆக ஒரே கிளாஸ் ரூமில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், ஒரே நேரத்தில் இரண்டு தேசத்தில் விண்ணப்பம் போட்டோம். அவளுக்கு ராத்திரி என்றால் எனக்குப் பகல். நான் நைட் ட்யூட்டி முடித்து வரும்போது அவள் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறப்பாள்.

அவள் பக்கம் லைசென்ஸ் ஒரு பிரச்சினையே இல்லை. எண்ணைத் தட்டினால் நடப்பில் இருக்கிறதா, நடவடிக்கை ஏதும் உண்டா என்று ஆன்லைனிலேயே தெரிந்துவிடும். அதைக் காட்டினால், நர்ஸிங் அடிப்படைப் பாடங்களை ஏற்கெனவே படித்ததாகக் கணக்கில் வைத்து மொத்தமாக கிரெடிட் கொடுத்துவிடுகிறார்கள். பட்டத்துக்குத் தேவை 120 கிரெடிட் அளவில். மீதியில் நர்ஸிங் ஆராய்ச்சி, சமுதாய நலம், நிர்வாகம், புள்ளியியல் எல்லாம் வரும். அவளை ஆட்டி வைத்தது எங்கள் ஊர்க் காகிதம். என்கிளெக்ஸுக்காக ஏற்கெனவே ஒருமுறை போன மார்க் விவரம், இப்போது பட்டப்படிப்புக்காக வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் வேறொரு நிறுவனத்துக்கு மறுபடியும் போக வேண்டும். பாடத்துக்கு எத்தனை மணி நேரம் தியரி, எத்தனை மணி நேரம் வார்டு என்று பிரித்து எழுதி, உறையை ஒட்டி, ஒட்டின வாயின் மேல் முத்திரை குத்தி, படித்த பள்ளியே நேரடியாக அனுப்ப வேண்டும். மாணவி கைபட்ட உறை செல்லாது.

அதற்கு நான்தான் போனேன். ஸ்கூல் ஆபீசில் இருந்த அண்ணன், "இவங்களுக்குப் போன தடவையே அனுப்பிச்சோமே" என்று அலுத்துக்கொண்டே பழைய லெட்ஜரை இறக்கினார். பச்சை அட்டை, முனையெல்லாம் கரையான் அரித்தது. எங்கள் பேட்ச் பக்கத்தைத் திருப்பி, ஸ்கேலை அவள் பெயருக்குக் கீழே வைத்து ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். மருத்துவ வார்டு, அறுவை வார்டு, குழந்தைகள், மனநலம், பார்த்த பிரசவங்கள், கிராமத்தில் தங்கிய நாட்கள். ஸ்கேலுக்கு அடுத்த வரியில் என் பெயர். "உங்களுக்கும் ஒண்ணு போட்டுடவா? திரும்பவும் வருவீங்க" என்றார். போடச் சொன்னேன். அந்த அண்ணனுக்கு இருந்த முன்யோசனை பல மேனேஜர்களுக்குக் கிடையாது.

மேனேஜர் என்றதும் நினைவு வருகிறது. அனுபவச் சான்றிதழ் வாங்குவதுதான் என் பக்கத்துப் பெரிய மலை. "எதுக்கும்மா சர்டிபிகேட்? வெளிநாடு கிளம்பிட்டியா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. இல்லை சார், படிப்புக்கு என்றேன். "படிச்சா அப்புறம் கிளம்பிடுவியே." இதற்கு என்ன பதில் சொல்ல? சேர்ந்த தேதி, பதவி, பதிவு எண், இன்றுவரை பணியில் இருக்கிறார் என்ற ஒரு வரி, கையெழுத்து, சீல். இதற்கு மேல் அந்தத் தாளில் ஒன்றும் கிடையாது. டாக்டர் சாரிடம் கேட்க வேண்டும், டாக்டர் சார் சென்னை போயிருக்கிறார், லெட்டர்ஹெட் தீர்ந்துவிட்டது என்று அது நடந்தது. கடைசியில் எங்கள் நர்ஸிங் சூப்பரிண்டென்ட் அக்கா, "அவ ராத்திரி பூரா உங்க ஐ.சி.யூ.வைப் பாத்துக்கிட்டது பொய்யா சார்?" என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து விழுந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளில் நர்ஸுக்கு எழுத்தில் எதையும் கொடுக்கத் தயங்குவது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. உச்சநீதிமன்றம் 2016-இல் சொன்னதன் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. சின்ன ஊர்களில் அதைக் கேட்டால் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

பள்ளத்தூர்க்காரிக்கு இதைவிட வேறு மாதிரி சிக்கல். ஏன் இந்தப் பட்டம் வேண்டும் என்று அவளே ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். நம் ஊர் விண்ணப்பத்தில் யாரும் நம்மை ஏன் என்று கேட்பதில்லை. செராக்ஸ் தெளிவாக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அவள் முதலில் எழுதி அனுப்பியதைப் படித்தேன். சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், கைவிளக்கு. "ஏன்டி, இது நம்ம ஸ்கூல் ஆண்டு மலர்ல போன மாதிரி இருக்கே" என்றேன். போனிலேயே சிரித்தாள். சேவை என்றெல்லாம் சொல்லிக்கொண்டு நாங்கள் இந்தப் படிப்புக்கு வரவில்லை. சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று வீட்டில் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம் பேச்சு பழனி பாதயாத்திரைக்குப் போனது. தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து நகரத்தார் காவடியோடு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக ஜனம் நடந்து போகும். நகரத்தார் காவடி திரும்பி வருவதும் நடைதான். மாணவிகளாக இருந்த காலத்தில் வழியில் முகாம் போட்டு எங்களை உட்கார வைப்பார்கள். கொப்புளத்தைச் சுத்தம் செய்து, மருந்து தடவி, கட்டுப் போட்டு அனுப்புவோம். வேலைக்கு வந்த பிறகு அதே யாத்திரையின் இன்னொரு முனையைப் பார்த்தேன். தை கழிந்து மாசியில், ஆறாத புண்ணோடு வார்டுக்கு வருகிறவர்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள். பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அளவில் கறுத்திருக்கும். நான் ஃபோர்செப்ஸால் ஓரத்தைத் தூக்கும்போது அந்த ஐயா செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். வலி தெரியவில்லை. நடக்கும்போதும் அப்படித்தான், கல் குத்தியது தெரிந்திருக்காது. காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழை உண்டு. பாதத்தில் சில இடங்களில் அது வளையும் அளவுக்கு அழுத்தினால் போதும், நிமிஷத்தில் முடிந்துவிடும். புறப்படுவதற்கு முன்னால் யார் காலிலும் அதை வைத்து நாங்கள் பார்த்ததில்லை. கட்டுப் போடத்தான் சொல்லியிருந்தார்கள்.

"அதை எழுது" என்றேன். எழுதினாள். கொப்புளத்துக்குக் கட்டுப் போடத் தெரிந்த நர்ஸுக்கு, யார் காலில் கொப்புளம் வரக்கூடாது என்று முன்கூட்டியே பார்க்கவும், பார்த்ததைக் கணக்கு வைத்துக் காட்டவும் தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தப் படிப்பு என்று. என் தெருக்காரர்கள் கேட்ட கேள்விக்கும் அதுவே பதில். ஊசியை போஸ்டில் கற்கக்கூடாது, கற்கவும் முடியாது. ஆனால் ஊசி போடத் தெரிந்தவளுக்கு இனிப் படிக்க வேண்டியது, அந்த ஊசி ஏன் ஒரே தெருவில் இத்தனை பேருக்குப் போட வேண்டியிருக்கிறது என்பதை. அதற்குப் புத்தகம் வீட்டுக்கு வந்தாலும் போதும், வார்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது. சொல்லப்போனால் வார்டில் இருந்துகொண்டே படிப்பதுதான் நல்லது. பகலில் படித்தது ராத்திரி கட்டிலில் படுத்திருக்கும்.

அவளுக்கு இடம் கிடைத்தது, புள்ளியியல் பாடத்தை முதலில் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிளஸ் டூவில் கணக்கென்றால் ஓடியவள் அதில் 'ஏ' வாங்கினாள். ஆன்லைன் என்றாலும் களப்பணி உண்டு. அவள் பகுதியில் ஒரு தேவாலயக் கூடத்தில் முதியவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, வீட்டில் எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து அறிக்கை எழுதினாள். கட்டணத்தில் ஒரு பகுதியை அவள் ஆஸ்பத்திரியே திருப்பிக் கொடுத்தது. பட்டமும் வாங்கிவிட்டாள்.

நான் நுழைவுத் தேர்வு எழுதி, இடம் கிடைத்து, இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். நேர்முக வகுப்புக்குப் போகும் நாளெல்லாம் ட்யூட்டியை மாற்றிக்கொண்டு, பதிலுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மற்றவர்களுக்காக நின்றுகொண்டு ஓடுகிறது. பாடம் அவ்வளவு கஷ்டமில்லை. அசைன்மென்ட்டை ஆங்கிலத்தில் கையால் எழுதுவதுதான் விரலை ஒடிக்கிறது.

போன தைக்கு முன்னால் மேனேஜர் சாரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். புறநோயாளிப் பிரிவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் யாத்திரைக்குக் கிளம்பும் முன் கால் பார்க்க மோனோஃபிலமென்ட் வாங்கித்தர முடியுமா என்பது ஒன்று. பட்டம் முடித்தால் சம்பளத்தில் ஏதாவது உண்டா என்பது இன்னொன்று. இழை ஒரு வாரத்தில் வந்துவிட்டது. இரண்டாவதற்கு, "முதல்ல முடிங்க சிஸ்டர், அப்புறம் பாக்கலாம்" என்றார்.