மூன்று ஊசியும் ஒரே வாரத்திலா?

வெளிநாட்டில் கிளினிக்கல் ரிசர்ச், அதாவது நோயாளிகளை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வில், பயிற்சி என்றதும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது "அண்ணா, மார்க் எவ்வளவு வேணும்?" என்றுதான். எனக்கு மார்க்கில் சிக்கலே வரவில்லை. பாடாய்ப் படுத்தியது தேதி.

அப்போது பார்மஸி மூன்றாம் ஆண்டு. அமெரிக்காவில் இருபது பேராசிரியர்களுக்கு ஒரே மெயிலைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. "தங்கள் மேலான ஆராய்ச்சி" என்று தொடங்கும் மெயிலை எனக்கு வந்தால் நானே திறக்கமாட்டேன். இருபத்தோராவது மெயிலுக்கு முன், அதைப் பெறப்போகும் பேராசிரியரின் கட்டுரையை உட்கார்ந்து படித்தேன். ஆய்விலிருந்து பாதியில் விலகிய நோயாளிகளைக் கடைசிக் கணக்கில் எப்படிச் சேர்த்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி. இரண்டே நாளில் பதில் வந்தது, ஜிசிபி (மருத்துவ ஆய்வை முறையாக நடத்துவதற்கான விதிகள்) சான்றிதழ் வாங்கிவிட்டு எழுது என்று. அதையும் முடித்து, அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச் இணையத்தில் இலவசமாக நடத்தும் கிளினிக்கல் ரிசர்ச் பாடத்தையும் பார்த்து முடித்தேன். பேராசிரியர் வைத்த நேர்காணலில் கைகொடுத்தது அந்தப் பாடம்தான்.

உதவித்தொகை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பயிற்சிக்குப் போகிறவர்களுக்கான ஜே-1 விசாவுக்கு, அழைக்கும் நிறுவனம் டிஎஸ்-2019 என்ற தகுதிப் படிவம் தரவேண்டும். விசா நேர்காணலுக்கு முன்பே செவிஸ் (வெளிநாட்டு மாணவர், பயிற்சியாளர் பதிவு) கட்டணம் 220 டாலர் கட்டவேண்டும். இதெல்லாம் இழுத்தாலும் நகர்ந்தது.

நின்றுபோனது, அவர்கள் கேட்ட தடுப்பூசி அட்டையில். ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணை: முதலில் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. என் அட்டையில் 05/01, 05/02, 05/07 என்று ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் தேதி எழுதும்போது மாதம் முன்னால். மே 1, மே 2, மே 7 என்று படித்துவிட்டு, "ஒரே வாரத்தில் மூன்று ஊசியா? செல்லாது" என்றார்கள். விளக்கி நான்கு மெயில் போட்டும் அசையவில்லை. கடைசியில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்து அனுப்பினேன். 10 அலகுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கணக்கு. எனக்குத் தாராளமாகவே இருந்தது. அதற்குள் மூன்று வாரம் போயிருந்தது.

போய்ச் சேர்ந்த முதல் நாள், ஆய்வு வேலைகளை ஒருங்கிணைக்கும் கோ-ஆர்டினேட்டர் சொன்ன முதல் விஷயம்: "தேதியில் மாதத்தை எண்ணாக எழுதாதே, எழுத்தில் எழுது. 05-ஜூலை." சிரிப்பை அடக்கிக்கொண்டேன். தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் இனிஷியல், திருத்திய தேதி. வொய்ட்னர் என்ற பேச்சே கூடாது. அடித்த எழுத்து கீழே படிக்கும்படி இருக்கவேண்டும். யார் எந்த வேலையைத் தொடலாம் என்பதற்கு டெலிகேஷன் லாக் என்ற பதிவேடு உண்டு. என் பெயருக்கு நேரே தரவுப் பதிவு மட்டும். ஆய்வில் சேர நோயாளியிடம் ஒப்புதல் வாங்கும் இடத்தில் நான் வெறும் பார்வையாளன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்தார். கை நடுங்கியது. தேதிக் கட்டம் காலியாக இருந்தது. பாவமே என்று நான் பேனாவை எடுத்தேன். கோ-ஆர்டினேட்டர் என் கையிலிருந்து அதை வாங்கி மறுபடி அவரிடமே கொடுத்தார். கையெழுத்துப் போட்டவரே தேதியையும் எழுதவேண்டுமாம்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக எழுதினார். மாதம்தான் முன்னால்.