காற்றாடிமலைக்கு ஒரு நேர்ச்சை நடை

என் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன் என்று டாக்டர் தேதி குறித்த அன்றே அத்தை நேர்ந்துகொண்டார்கள். பிள்ளை பிழைத்து எழுந்து மறுபடியும் கடையைத் திறந்தால், மாமியாரும் மருமகளுமாக நாகர்கோவில் கோட்டாற்றிலிருந்து, புனிதர் தேவசகாயம் பிள்ளை உயிர்விட்ட காற்றாடிமலைக்கு நடந்தே வருவோம் என்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

தேவசகாயம் பிள்ளை எங்கள் வேண்டுதலைக் கேட்டார். கடை திறந்தாயிற்று. அதனால் இந்தத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம்.

முந்தின நாள் மாலையே திருநெல்வேலியிலிருந்து வந்து, கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயம் பிள்ளையின் கல்லறை முன்னால் ஜெபித்துவிட்டு அத்தை வீட்டில் தங்கினேன். விடியும் முன்பே நடை. ஒழுகினசேரியில் பழையாற்றுப் பாலம் தாண்டும்போதே ஆட்டோக்காரர்கள் தொந்தரவு ஆரம்பம். "அம்மா, இந்த வயசுல நடக்கவா? ஏறுங்க, கொண்டு விடுதேன்" என்று ஒருவர் பாதி தூரம் கூடவே ஓட்டிக்கொண்டு வந்தார். நேர்ச்சை என்று சொன்னாலும் விடவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய தொந்தரவு கையிலேயே இருந்தது. ஜெபமாலையில் முதல் பத்து மணி முடியவில்லை, மகன் கூப்பிட்டான்: பள்ளிக்கூட டை எங்கே என்று. இரண்டாவதில் கடைக்குச் சரக்கு போடுகிறவர். அப்புறம் நான் கணக்கு பார்க்கும் ஆபீஸிலிருந்து. மார்ச் மாதம் என்றால் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். போனை அணைக்கவும் முடியாது, உடம்பு தேறி வருகிற மனிதரை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எரிச்சலில் கண்ணீரே வந்துவிட்டது.

அத்தை நின்று என்னைப் பார்த்தார்கள். "போன் அடிச்சா அடிக்கட்டு மக்களே. ஆரு கூப்பிடுதாவளோ அவியளுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு. பொறவு எடு."

அப்படியே செய்தேன். சரக்குக்காரருக்கு ஒன்று. ஆபீஸ் மேனேஜருக்கு ஒன்று. அந்த ஆட்டோக்காரருக்கும் ஒன்று. தோவாளை போய்ச் சேரும்போது ஜெபமாலையின் துயர மறையுண்மைகள் ஐந்தும் முடிந்திருந்தன. எத்தனை பேருடைய பெயர்கள் அதில் கலந்துவிட்டன என்று நினைக்கும்போது இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூவும் அரளியும் கூடைகூடையாக இறங்கிக்கொண்டிருந்தன. அத்தை பிச்சியில் ஒரு சரம் வாங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டார்கள். அங்கேயிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும்தான் உண்மையான கஷ்டம். வெயில் ஏறிவிட்டது. கணவாய்க் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. காற்றாலைகள் சும்மாவா அங்கே நிற்கின்றன! அத்தைக்கு முட்டு வீங்கிவிட்டது. சாலையோரக் கல்லில் உட்காருவதும் எழுவதுமாக, சுமார் 15 கிலோமீட்டரும் நடந்தே தீர்த்தார்கள்.

உட்கார்ந்த இடங்களில் எல்லாம் தேவசகாயம் பிள்ளையின் கதையைத்தான் பேசினோம். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரத்து அரண்மனை அதிகாரி. கல்யாணம் ஆனவர். வீட்டில் மாடு சாகிறது, பயிர் அழிகிறது, மனம் உடைந்து வேலைக்குப் போகிறார். குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மகாராஜாவின் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய், என்ன ஐயா வாட்டம் என்று கேட்டு, எல்லாம் இழந்தும் விசுவாசம் விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொல்கிறார். வேலை செய்கிற இடத்தில், உடன் வேலை பார்த்தவர் வாயால்தான் ஆண்டவர் அவரிடம் வந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ ஆனார். அதற்குப் பிறகும் அவர் காட்டுக்குப் போய்த் தவம் இருக்கவில்லை, அதே அரண்மனை வேலையைத்தான் செய்தார். 1749-ல் சிறை. எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி பூசினார்கள். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். குருவானவரும் இல்லை, துறவியும் இல்லை. சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்திய ஒரு மனிதரை 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் என்று அறிவித்தபோது, நான் சமையல்கட்டில் நின்று டி.வி. பார்த்து அழுதேன். நம்மைப் போல ஒருத்தர் என்றுதான் அழுதேன்.

மலையடிவாரத்தில் சரியான கூட்டம். மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரே அளவு மெழுகுவர்த்தி, ஒருவரிடம் ஒரு விலை, அடுத்தவரிடம் இரண்டு மடங்கு. மணியடிச்சான் பாறையைச் சுற்றி இளவட்டங்கள் விடாமல் தட்டிக்கொண்டும் போட்டோ எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். வயதானவர்களுக்கு வழிவிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அத்தை காத்திருந்து, ஒரு சின்னக் கல்லை எடுத்து ஒரே ஒரு தட்டு தட்டினார்கள். வெண்கல மணி மாதிரி கணீரென்று கேட்டது.

பிறகு தேவசகாயம் பிள்ளை கடைசியாக முழங்காலிட்டு ஜெபித்த பாறை. பிச்சிச் சரத்தை வைத்துவிட்டு அதன் முன்னால் நானும் முழங்காலிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ராத்திரியிலிருந்தே என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சேர்த்துவைத்திருந்தேன். பின்னால் நிற்கிறவர்கள் முதுகில் இடிக்கிறார்கள். வாய் திறக்கவும் போன் அடித்தது.

என் வீட்டுக்காரர். "எங்க இருக்கீங்க? அம்மா சாப்பிட்டாங்களா? வெயில்ல ரொம்ப நேரம் நிக்க வைக்காத" என்கிறார். கடையில் யாரோ நோட்டு விலை கேட்கிற சத்தமும் கேட்கிறது.

எனக்குப் பேச்சு வரவில்லை. அத்தை போனை வாங்கினார்கள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, அந்தப் பாறைப் பக்கமாக நீட்டிப் பிடித்தார்கள். "பேசு மக்களே, பேசு. அவரும் கேக்கட்டு."

"என்னம்மா, கேக்குதா? ஹலோ?" என்று அவர் பேசிக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்காமல், முழு வாக்கியமாக. ஆபரேஷன் முடிந்த நாட்களில் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் எத்தனை இளைப்பு! சேர்த்துவைத்திருந்த ஜெபம் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நன்றி ஆண்டவரே, நன்றி தேவசகாயம் பிள்ளையே, அவ்வளவுதான் திரும்பத் திரும்ப வந்தது. இடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்ன ஏது என்று கேட்டு, தெரிந்ததும் அத்தையைக் கட்டிக்கொண்டு அவர்களும் அழுதார்கள்.

வியாகுல மாதா கோயிலுக்குள் போய் உட்கார்ந்தபோது அத்தையால் முழங்காலை மடக்கவே முடியவில்லை. திரும்பும்போது பஸ்தான், நேர்ச்சை ஒரு வழிக்குத்தான் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஆனால் பஸ் ஏறுவதற்குள்ளேயே பேத்தியின் பிளஸ் டூ பரீட்சைக்காக அடுத்த நேர்ச்சை போட்டுவிட்டார்கள். இந்த முறையும் என்னைக் கேட்கவில்லை. பேத்தியும் சேர்ந்து நடக்க வேண்டுமாம்.