இருபது லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர்: தென்சென்னை வாக்காளனின் கணக்கு

2024 மக்களவைத் தேர்தலின்போது தென்சென்னைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் இருந்தோம். எங்களை ஒட்டியே இருக்கும் மத்திய சென்னையில் 13 லட்சத்துச் சொச்சம் பேர். இரண்டிலும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள், இரண்டுக்கும் மக்களவையில் ஒவ்வோர் இடம். ஒரே மாநகராட்சியில் வரி கட்டும் இருவரில் ஒருவருடைய வாக்கின் மதிப்பு மற்றவருடையதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்றாகிறது. பெருங்குடியில் குடியிருக்கும் என்னை இது நெடுநாளாக உறுத்துகிறது.

இன்றைய எல்லைகள் 2008 மறுவரையறையில், அதாவது மக்கள்தொகைக்கேற்பத் தொகுதி எல்லைகளைத் திருத்தும் பணியில், வந்தவை. அதற்கு அடிப்படையாக இருந்தது 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில்தான். பழைய மாமல்லபுரம் சாலையோரத்துப் பெருங்குடியும் துரைப்பாக்கமும் சோழிங்கநல்லூரும் அப்போது மாநகராட்சிக்கு வெளியே இருந்தன. 2011இல்தான் சென்னையோடு இணைந்தன. மறுவரையறை ஆணையம் தன் கையில் இருந்த கணக்கின்படி நேர்மையாகத்தான் கோடு போட்டது. நகரம் அந்தக் கோட்டுக்குள் பிறகு வந்து நிறைந்தது. 2024இல் சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதியில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். மத்திய சென்னைக்குள் வரும் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை.

இத்தனைக்கும் இந்தத் தொகுதிக்கு டெல்லியில் குரல் இல்லாமல் போனதே இல்லை. 1957இல் இங்கு வென்றவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நிதி அமைச்சராக இருந்த அவர் எல்.ஐ.சி. முதலீடு தொடர்பான முந்த்ரா விவகாரத்தில் 1958இல் பதவி விலகினார். 1962இல் நாஞ்சில் மனோகரன் வென்றார். 1967இல் அண்ணா இங்கிருந்து மக்களவைக்குத் தேர்வானார். அதே தேர்தலில் தி.மு.க. மாநிலத்தில் ஆட்சியைப் பிடிக்கவே முதலமைச்சர் பொறுப்பேற்று இந்த இடத்தைத் துறந்தார், இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார். 1977லும் 1980லும் வென்ற ஆர். வெங்கட்ராமன் நிதி, பாதுகாப்புத் துறைகளை வகித்துப் பின்னர் குடியரசுத் தலைவரானார். அவருக்குப் பின் வைஜயந்திமாலா இரண்டு முறை, 1996 முதல் டி.ஆர். பாலு தொடர்ந்து நான்கு முறை. 2019லும் 2024லும் தமிழச்சி தங்கபாண்டியன் வென்றிருக்கிறார். ஆளுமைகளுக்குப் பஞ்சமில்லாத தொகுதி இது. யாராக இருந்தாலும் ஒருவரே இத்தனை பேருக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய், நாடு முழுவதும் ஒரே தொகை. எங்கள் தொகுதியில் வகுத்துப் பார்த்தால் ஒரு வாக்காளருக்கு 25 ரூபாய். அறுபதாயிரம் வாக்காளர்கள்கூட இல்லாத லட்சத்தீவில் எண்ணூறு ரூபாய்க்கும் மேல். தீவுகளுக்குத் தனிச் சலுகை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிதியைவிடப் பெரிது அவையில் கிடைக்கும் நேரம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளே வாய்மொழிப் பதிலுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அதற்கும் குலுக்கலில் பெயர் வர வேண்டும். வேளச்சேரி பறக்கும் ரயிலைப் பரங்கிமலையோடு இணைக்கும் பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது, மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபர் வரை தள்ளிப்போனது, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைக் காப்பது, வெள்ள நிவாரணம் என எல்லாமே டெல்லியில் கேட்டாக வேண்டியவை. மயிலாப்பூரின் பழைய தெருக்களுக்கும் சோழிங்கநல்லூரின் அடுக்குமாடிகளுக்கும் சேர்த்து இவை அனைத்தையும் எழுப்ப இருப்பது ஒரே குரல்.

வாக்குப்பதிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024இல் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 70 விழுக்காடு பதிவானபோது தென்சென்னையில் 54 விழுக்காடுதான். படித்தவர்களின் அலட்சியம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை அது பாதிக் காரணம் மட்டுமே. எங்கள் குடியிருப்பில் பூத் சிலிப்புகள் ரப்பர் பேண்டு போட்ட கட்டாக வாயிற்காவலர் மேசையிலேயே கிடந்தன. நான் எடுத்துப் புரட்டியபோது, வீட்டைக் காலி செய்து போய் வெகுநாளான குடும்பங்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. என் எதிர்வீட்டுத் தம்பதியின் பெயர்கள் இல்லை. விசாரித்தால், அவர்களுடைய பெயர்கள் இன்னும் விருகம்பாக்கத்துப் பழைய முகவரியிலேயே இருக்கின்றன. வாடகை வீடு மாறிக்கொண்டே வாழும் மக்கள் நிறைந்த இடத்தில் பட்டியல் எப்போதும் ஆட்களுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. ஆகவே 54 என்ற எண்ணை அக்கறையின்மையின் அளவாக மட்டும் படிப்பது நியாயமில்லை.

தொகுதி மறுவரையறை என்றாலே இங்கு தமிழ்நாட்டின் 39 இடங்கள் குறைந்துவிடுமோ என்ற அச்சம்தான் முன்னால் வருகிறது. அந்த அச்சம் நியாயமானது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்குத் தண்டனை கூடாது என்பதில் எனக்கும் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான பங்கீடு வேறு, மாநிலத்துக்குள் கோடு போடுவது வேறு. 2008இல் 39ஐத் தொடாமலேதான் உள் எல்லைகள் மாற்றப்பட்டன. ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் மக்கள்தொகை இயன்றவரை சமமாக இருக்க வேண்டும் என்று அரசமைப்பின் 81ஆவது பிரிவே சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், நாகப்பட்டினத்தில் 13 லட்சத்துச் சொச்சம் என்ற 2024 நிலை அந்தப் பிரிவோடு பொருந்தவில்லை. சென்னையின் தெற்கு விளிம்புக்கு இடம் கூடினால் டெல்டாவில் குறையும் என்பது தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். உழவர் மாவட்டங்களின் குரலைக் குறைப்பது லேசான முடிவு அல்ல, அதைத் திறந்த மனத்தோடு பேசித்தான் தீர்க்க வேண்டும். அதற்கு முன், 2024 கணக்கில் 13 லட்சமும் 20 லட்சமுமாக அடுத்தடுத்து நின்ற மத்திய சென்னை, தென்சென்னை எல்லைகளைச் சீர்செய்வதில் எந்த மாவட்டத்துக்கும் இழப்பில்லை. வரைவு எல்லைகளை வெளியிட்டு ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் நாளில், முதல் கோரிக்கையாக இதைத்தான் எழுதித் தரவிருக்கிறேன்.