அலுவலகமும் வீடும் ஒரே கைபேசியில்: எதை முதலில் ஒப்பிட வேண்டும்?

திறன்பேசிகளை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் கேமராவில் தொடங்கிப் பேட்டரியில் முடிகின்றன. அலுவலக மின்னஞ்சலையும் குடும்பப் படங்களையும் ஒரே கைபேசியில் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு அந்த வரிசை பயன்படாது என்பது என் உறுதியான கருத்து. அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. என் கைபேசிக்குள் நிறுவனத்தின் கை எதுவரை நீளும்? பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எத்தனை ஆண்டுகள் வரும்?

முதல் கேள்வி ஒரு காலத்தில் எழவே இல்லை. அலுவலகம் பிளாக்பெர்ரி என்ற மின்னஞ்சல் கைபேசியைக் கொடுத்தது. அதை அலுவலகமே கட்டுப்படுத்தியது. சொந்தக் கைபேசி தனியே இருந்தது. 2007 இல் ஐபோன் வந்தபோது அதைப் பொழுதுபோக்குக் கருவியாகவே பலர் பார்த்தார்கள். மறு ஆண்டே அதன் இரண்டாம் மென்பொருள் பதிப்பு நிறுவனங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சலை ஏற்றுக்கொண்டது. அதனுடன், கைபேசியிலுள்ள அனைத்தையும் தொலைவிலிருந்தே அழிக்கும் அதிகாரமும் நிறுவனங்களுக்குக் கிடைத்தது. ஊழியர்கள் சொந்தக் கைபேசிகளையே பணிக்குப் பயன்படுத்தத் தொடங்கியபின், குழந்தையின் படமும் ஒப்பந்த ஆவணமும் ஒரே அழிப்புக் கட்டளைக்கு உட்பட்டன. இந்தச் சிக்கலை ஆண்ட்ராய்டும் ஆப்பிளும் வெவ்வேறு வழியில் தீர்த்திருக்கின்றன. உண்மையான ஒப்பீடு இங்கேதான் தொடங்குகிறது.

ஆண்ட்ராய்டு சுவர் எழுப்புகிறது. பணிச் சுயவிவரம் என்ற தனிப்பகுதியில் அலுவலகச் செயலிகள் சிறு கைப்பெட்டிச் சின்னத்துடன் நிற்கின்றன. ஒரே செயலி இருபுறமும் தனித்தனியாக இயங்கலாம். மாலையில் அலுவலகப் பகுதி முழுவதையும் ஒரே பொத்தானில் நிறுத்திவைக்கலாம். சொந்தக் கைபேசியில் இதை அமைத்தால், நிறுவனம் அழிக்கக்கூடியது அந்தப் பகுதியை மட்டுமே. மறுபுறத்துப் படங்களையும் செய்திகளையும் அது பார்க்க முடியாது. சாம்சங் இதற்கு மேல் 2013 முதல் நாக்ஸ் என்ற பாதுகாப்பை வன்பொருளிலிருந்தே அமைத்து வருகிறது.

ஆப்பிள் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றைக் கிழிக்கிறது. நிறுவனம் நிறுவிய செயலிகளும் கணக்குகளும் அதன் நிர்வாகத்துக்கு உட்பட்டவை. அவற்றிலிருந்து மற்றச் செயலிகளுக்குத் தரவு செல்வதை நிறுவனம் தடுக்கலாம். சொந்தக் கைபேசியை நிறுவனத்தின் நிர்வாகத்தில் சேர்ப்பதற்காக, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 13 2019 இல் கொண்டுவந்த பயனர் பதிவு முறையில் அலுவலகத் தரவு தனியாகக் குறியாக்கம் செய்யப்பட்ட பகுதியில் இருக்கும். பதிவை நீக்கினால் அந்தப் பகுதி மட்டும் அழியும். ஆனால் முகப்புத் திரையில் எல்லாச் செயலிகளும் கலந்தே இருக்கும். பணிநேரம் முடிந்ததும் அலுவலகத்தைக் கண்ணெதிரிலிருந்து அகற்ற விரும்புகிறவர்களுக்கு ஆண்ட்ராய்டின் முறையே நல்லது என்று நான் கருதுகிறேன். பிரிவினை இருப்பதே தெரியாமல் வேலை நடந்தால் போதும் என்பவர்களுக்கு ஐபோன் பொருந்தும்.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது பதிவு செய்யும் முறை. அதே ஐபோனை முழுச் சாதனமாகப் பதிவு செய்தால், எல்லாவற்றையும் அழிக்கும் அதிகாரம் நிறுவனத்துக்குச் சென்றுவிடும். முழு நிர்வாகத்தில் உள்ள ஆண்ட்ராய்டு கைபேசிக்கும் இதே நிலைதான். எந்த முறையில் சேர்க்கிறார்கள் என்பதை அலுவலகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது, எந்த மாடலை வாங்குவது என்று ஆராய்வதைவிட முக்கியமானது.

கேமராவும் செயலாக்கச் சில்லின் வேகமும் உயர்நிலைக் கைபேசிகளில் அன்றாடத் தேவைக்கு மிஞ்சியே இருக்கின்றன. கைபேசியைத் திரையுடன் இணைத்துக் கணினிபோல் பயன்படுத்த விரும்புகிறவருக்கு மட்டும், 2017 முதல் சாம்சங் தரும் டெக்ஸ் வசதி தனித்துச் சொல்லத்தக்கது.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 2023 இல் பிக்சல் 8 உடன் கூகுளும், 2024 இல் கேலக்ஸி எஸ் 24 உடன் சாம்சங்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்புகளுக்கு உறுதி அளித்தன. ஆப்பிளுக்கு அதன் வரலாறே சான்று: 2015 இல் ஐஓஎஸ் 9 உடன் வந்த ஐபோன் 6எஸ், ஐஓஎஸ் 15 வரை பெற்றது. சாம்சங்கின் எல்லா மாடல்களுக்கும் ஏழு ஆண்டுகள் கிடையாது என்பதால், வாங்கப்போகும் மாடலுக்கான உறுதியைத் தனியே பார்க்க வேண்டும். புதுப்பிப்பு நின்ற கைபேசியில் அலுவலகக் கணக்கை அனுமதிக்காதபடி நிறுவனங்கள் விதி வகுக்க முடியும் என்பதால், வீட்டுக்கு இன்னும் உழைக்கும் கைபேசி வேலைக்கு உதவாமல் போகலாம். மேலும், இந்த ஆண்டுக் கணக்கு நாம் வாங்கும் நாளிலிருந்து தொடங்குவதில்லை; அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. விலை குறைந்ததென்று பிக்சல் 8 ஐ 2026 இன் இறுதியில் வாங்குகிறவருக்கு ஏழில் மிஞ்சுவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே.